ஹைலம் – ஒரு வார்த்தையின் ஜாதகம்

பி.காம். படிக்கிற பொண்ணுக்கு லத்தீன் எதுக்கு என்று யாராவது கேட்பதற்கு முன்னால் நானே பதில் சொல்லிவிடுகிறேன். காமர்ஸ்காரர்கள் தினமும் லத்தீனைத்தான் மென்று தின்கிறோம். டெபிட், கிரெடிட், பெர் ஆனம், ப்ரோ ரேட்டா, கம்பெனிச் சட்டத்தில் வருகிற அல்ட்ரா வைரீஸ் (வைரஸ் இல்லைங்க, அதிகார எல்லையைத் தாண்டிய செயல்) எல்லாமே ரோமாபுரிச் சரக்கு. அந்த வரிசையில் ஒரு குட்டி வார்த்தையும் இருக்கிறது. கணக்கில் மிச்சம் எதுவும் இல்லை என்றால் "நில்" என்று போடுகிறோமே, அது. இந்த நில்லுக்கும், எங்கள் வயலில் விளைகிற உளுந்துக்கும், மனுசனுடைய நுரையீரலுக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. அந்தச் சொந்தத்தின் பெயர் ஹைலம். இன்றைக்கு அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அடுப்படியில் தோல் நீக்காத முழு உளுந்து இருந்தால் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். (உடைத்த வெள்ளை உளுந்து உதவாது.) கறுப்புத் தோலில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக ஒரு சின்னக் கோடு தெரியும். நடுவில் கொஞ்சம் குழிந்து, ஓரம் தடித்திருக்கும். பச்சைப்பயறிலும் அதே இடத்தில் வெள்ளைக் கோடு உண்டு, ஆனால் அது தட்டையாக இருக்கும். இரண்டும் நெருங்கிய சொந்தக்காரப் பயிர்கள். விதையை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல தாவரவியல்காரர்கள் பார்க்கிற அடையாளங்களில் இதுவும் ஒன்று. காராமணியில் இன்னும் சுலபம். அதன் கறுப்புக் கண்ணுக்கு நடுவே இருப்பதும் இதேதான்.

அது ஒரு தழும்பு. காய்க்குள் இருக்கும்போது விதை ஒரு குட்டிக் காம்பால் தாய்ச்செடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாப்பாடு, தண்ணீர் எல்லாம் அந்தக் காம்பு வழியாகத்தான். விதை முற்றியதும் காம்பு விட்டுவிடும். விட்ட இடத்தில் வடு நிற்கும். நமக்குத் தொப்புள் இருக்கிற மாதிரி விதைக்கு இது. தமிழில் விதைத்தழும்பு என்கிறார்கள், இங்கிலீஷ் புத்தகத்தில் ஹைலம். அதற்குப் பக்கத்திலேயே கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு நுண்துளை இருக்கும். ஊறவைத்த மொச்சையை விரலால் அமுக்கினால் ஒரு இடத்தில் மட்டும் நீர் பொட்டாகக் கசியும் பாருங்கள், அது அந்தத் துளை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் இதைச் செய்து காட்டியபோது வகுப்பே மொச்சையை அமுக்கிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. :)

வெறும் வடு, அதற்கப்புறம் அதற்கு வேலை கிடையாது என்று நினைத்தால் அது தப்பு. ஹைட் என்கிற ஆய்வாளர் 1954ல் குளோவர், லூப்பின் விதைகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். (இரண்டுமே பயறு வகைக் குடும்பம்தான்.) தோல் கெட்டியான இந்த விதைகளில் ஹைலம் ஒரு வால்வு மாதிரி வேலை செய்கிறது என்று அவர் காட்டினார். வெளிக்காற்று காய்ந்திருந்தால் அது திறந்துகொண்டு உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடும். வெளியே ஈரம் கூடினால் மூடிக்கொள்ளும். ஈரம் வெளியே போகலாம், உள்ளே வரக்கூடாது. ஒருவழிப் பாதை. மணல் அளவு விதைக்குள் இப்படி ஒரு காவல்காரன்!

எங்கள் பக்கத்தில் உளுந்தும் பயறும் எப்படி விதைப்பார்கள் என்று வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பூம்புகார் காவிரியின் கடைமடை. அகண்ட காவிரியைப் பார்த்துவிட்டு இங்கே வந்து கடலில் விழுகிற காவிரியைப் பார்த்தால், இதுவா அது என்று கேட்பீர்கள். சம்பா அறுப்புக்குத் தண்ணீர் வற்றி, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தை வீசி விதைத்துவிடுவோம். உழவு கிடையாது. தனியாகத் தண்ணீர் பாய்ச்சுவதும் கிடையாது. நெல்லை அறுத்து எடுக்கும்போது கீழே உளுந்து முளைத்து நிற்கும். மிச்ச ஈரத்திலும் தைப் பனியிலும் அது வளர்ந்து பங்குனியில் கைக்கு வரும். நெல்லில் விட்டதைப் பயறில் பிடிக்கலாம் என்பது எங்கள் வீடுகளில் ஒரு நம்பிக்கை. எங்கள் அப்பாவும் ஆறு மா நிலம் குத்தகைக்கு எடுத்து அப்படித்தான் செய்கிறார். (20 மா சேர்ந்தது ஒரு வேலி. ஒரு மா என்பது ஏறக்குறைய 33 சென்ட்.)

சரி, மருத்துவத்துக்கு வருவோம்.

2024 பங்குனியில் பயறு அடித்து முடித்த சமயம் அப்பாவுக்கு இருமல். பயறுத் தூசி என்று முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. மூன்று வாரம் ஆகியும் நிற்கவில்லை, சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சலும் வந்தது. மயிலாடுதுறையில் காட்டியபோது டாக்டர் எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். எடுத்து ரிப்போர்ட் கைக்கு வந்தது சனிக்கிழமை சாயங்காலம். டாக்டரைத் திரும்பப் பார்க்க முடிவது திங்கட்கிழமை. எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கிற ஆள் நான் ஒருத்திதான். ரிப்போர்ட்டில் இருந்தது இரண்டே வரி. இடது ஹைலம் தூக்கலாகத் தெரிகிறது, நோயாளியின் அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கவும் என்று அர்த்தம்.

"என்னம்மா போட்டிருக்கு?" என்று அப்பா கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஹைலம் மொச்சையில் இருந்தது. நுரையீரலில் அதற்கு என்ன வேலை? போனில் தேடினேன். முதல் பக்கத்திலேயே நல்லதும் கெட்டதும் வரிசையாக வந்தன. கெட்டது எப்போதும் பெரிய எழுத்தில் இருக்கிற மாதிரிதான் கண்ணுக்குப் படும். படித்ததில் அந்த வார்த்தைக்கு என்ன பொருளோ அதை மட்டும் சொன்னேன். "நுரையீரலுக்கு உள்ள குழாயெல்லாம் போற எடம்பா. உளுந்துல வெள்ளையா ஒரு கோடு இருக்குமே, அந்த மாதிரி. அந்த எடம் கொஞ்சம் பெருசாத் தெரியுதாம். ஏன்னு டாக்டர்தான் சொல்லணும்."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "உளுந்து மூக்கா?" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த இரண்டு ராத்திரியும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அம்மாதான் தூங்கவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் பொறுமையாக விளக்கினார். இரண்டு நுரையீரலின் உள்பக்கத்திலும், இதயத்தைப் பார்த்த மாதிரி, ஒரு வாசல் இருக்கிறது. மூச்சுக்குழல் கிளை, இதயத்திலிருந்து ரத்தம் கொண்டு வரும் தமனி, ரத்தத்தைத் திருப்பி எடுத்துப் போகும் இரண்டு சிரைகள், நரம்புகள், நிணநீர்க் குழாய்கள் எல்லாம் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். அதுதான் ஹைலம். சாதாரணமாகவே எக்ஸ்ரேயில் இடது ஹைலம் வலதை விடக் கொஞ்சம் மேலே தெரியும், அது நோய் இல்லை. ஆனால் அங்கே இருக்கிற நிணநீர்க் கணுக்கள் வீங்கினாலோ, ரத்தக்குழாய் பெருத்தாலோ அந்த இடம் தூக்கலாகத் தெரியும். வீங்கக் காரணம் பல. நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது காசநோய். சளிப் பரிசோதனை எடுத்தார்கள். காசநோய்தான்.

பெரிதாகப் பயந்தது இல்லை என்பதில் எங்களுக்கு ஒரு நிம்மதி. காசநோய் என்று தெரிந்து நிம்மதிப்பட்ட குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். மாத்திரை ஆறு மாதம், ஒரு நாள் விடாமல். அரசு இலவசமாகத் தருகிறது. முதல் வாரம் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் அப்பா பதறிவிட்டார். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், ஒன்றும் செய்யாது என்று சுகாதார ஊழியர் அக்கா சொன்ன பிறகுதான் அடங்கினார். சத்துணவுக்காக மத்திய அரசு பேங்க் கணக்கில் பணம் போடுகிற திட்டமும் இருக்கிறது. 2018ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய். அப்பாவுடையது 500 ரூபாய்க் காலம். வீட்டில் இருந்த எங்கள் எல்லோருக்கும் சோதனை செய்தார்கள்.

மருந்தை விடக் கசப்பாக இருந்தது வேறு. ஒரு விசேஷ வீட்டில் அப்பாவுக்கு மட்டும் தனி டம்ளர் வந்தது. மருந்து ஆரம்பித்த சில வாரங்களிலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும், அதுவும் பரவுவது காற்றில், டம்ளரில் இல்லை. யாருக்கு விளக்குவது? அப்பா அந்தக் காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு வந்தார்.

ஆறு மாதம் முடிந்து எடுத்த எக்ஸ்ரேயில் "ஹைலா நார்மல்" என்று இருந்தது. "இது என்னடி புதுசா ஹைலா?" என்று அம்மா மறுபடி கலங்கினாள். ஒன்றுமில்லை, லத்தீனில் ஒன்று என்றால் ஹைலம், ஒன்றுக்கு மேல் என்றால் ஹைலா. இலக்கணம்தான், நோய் இல்லை!

அன்றைக்குத்தான் இந்த வார்த்தை எங்கே பிறந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

லத்தீனில் ஹைலம் என்றால் "அற்பமான ஒரு சின்னப் பொருள்". கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய லுக்ரீஷியஸ் என்ற கவிஞர் "சிறிதும்", "கொஞ்சமும்" என்ற பொருளில் இதைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். அது என்ன பொருள் என்று பிற்காலத்து ரோமர்களுக்கே சந்தேகம் வந்திருக்கிறது. ஃபெஸ்டஸ் என்பவர் தொகுத்த அகராதியின் சுருக்கம் ஒன்று 8ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அதில், ஹைலம் என்பது அவரை விதையில் ஒட்டிக்கொண்டிருக்கிற பொருள் என்று கருதுகிறார்கள், அதிலிருந்துதான் "நிஹில்" என்ற சொல் வந்தது என்று இருக்கிறது. (அவர்கள் சொன்ன அவரை, மொச்சை மாதிரி பெரிதாக இருக்கும் ஃபாபா.) நூல், இழை என்று பொருள்படும் "ஃபைலம்" என்ற சொல்லின் இன்னொரு வடிவமாக இருக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு.

"நே" என்றால் இல்லை. நே, ஹைலம் இரண்டும் சேர்ந்து நிஹிலம், தேய்ந்து நிஹில், இன்னும் தேய்ந்து நில். அதாவது நில் என்பதற்கு வேர்ப்பொருள் "பயறின் மூக்களவு கூட இல்லை". இல்லாமல் ஆக்குவது என்ற பொருளில் இங்கிலீஷில் வரும் அனிஹிலேட், எதிலும் நம்பிக்கை இல்லாத நிஹிலிசம் எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள்.

பிறகு தாவரவியல். 1751ல் வெளிவந்த ஃபிலாசஃபியா பொட்டானிகா என்ற புத்தகத்தில் லின்னேயஸ், விதை காயோடு ஒட்டியிருந்ததால் ஏற்பட்ட வெளித்தழும்பு என்று ஹைலத்துக்கு இலக்கணம் எழுதினார். பழைய அகராதிக்காரரின் ஊகம் அப்படியே விஞ்ஞானச் சொல்லாகிவிட்டது. உடற்கூறியல்காரர்கள் சிறுநீரகத்தைப் பார்த்திருக்கிறார்கள். அவரை விதை மாதிரியே வளைவு, வளைவின் உள்பக்கம் ஒரு பள்ளம், அங்கேதான் குழாய்கள் நுழைகின்றன. அதற்கும் அதே பெயர். பழைய மருத்துவப் புத்தகங்களில் ஹைலஸ் என்றும் இருக்கும். 1998ல் வந்த சர்வதேச உடற்கூறியல் சொற்பட்டியலில் ஹைலம்தான். சிறுநீரகம், நுரையீரல், மண்ணீரல், நிணநீர்க் கணு எல்லாவற்றுக்கும் ஹைலம் உண்டு. மாவுப்பொருள் துகளுக்குக்கூட உண்டு. மாவு எந்தப் புள்ளியைச் சுற்றி அடுக்கடுக்காகச் சேர்கிறதோ அந்தப் புள்ளி. உருளைக்கிழங்கு மாவில் அது ஒரு ஓரமாக இருக்கும், கோதுமை மாவில் நடுவில்.

வேடிக்கை என்னவென்றால், "அற்பம்" என்று பெயர் வாங்கிய அந்த இடத்தின் வழியாகத்தான் எல்லாம் நடக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒருவருடைய இரண்டு நுரையீரல் வாசல்களிலும் சேர்த்து நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் போகிறது. சிறுநீரகங்களின் வாசல்களில் ஒரு லிட்டருக்கு மேல்.

நம் தமிழ் மட்டும் சளைத்ததா? இல்லை என்று சொல்வதற்கு உலகத்தில் இருக்கிற சின்னப் பொருளை எல்லாம் நாமும் தேடியிருக்கிறோம். எள்ளளவும் இல்லை. இம்மியும் நகரவில்லை. (இம்மி நம் பழைய கீழ்வாய்க் கணக்கில் ஒரு பின்னம். 320ல் ஒரு பங்கு முந்திரி. இம்மி அதற்கும் எத்தனையோ படி கீழே.) வீட்டில் குந்துமணித் தங்கம் கிடையாது. எனக்கு ரொம்பப் பிடித்தது "மருந்துக்குக்கூட இல்லை". மருந்துக்கு எப்போதும் ஒரு சிட்டிகைதானே வேண்டும், அந்தச் சிட்டிகைகூட இல்லை!

குந்துமணி என்கிற குன்றிமணியைச் சும்மா விட முடியாது. பொற்கொல்லர்கள் எடை போட்ட விதை. ஒன்று 0.1 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். சிவப்பு விதையில் ஒரு பக்கம் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்தான் அதன் ஹைலம் இருக்கிறது. வெளியே நல்லவர் மாதிரி இருந்து உள்ளே கறுத்திருப்பவர்களுக்கு வள்ளுவர், கூடாவொழுக்கம் அதிகாரத்தில், இந்தக் குன்றிமணியைத்தான் உவமையாகச் சொல்கிறார். அந்தக் கறுத்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? மூக்கு. "உளுந்து மூக்கா?" என்று எங்கள் அப்பா கேட்டாரே, அதே மூக்கு. அப்பா குறள் படித்ததில்லை. இரண்டு பேரும் விதையைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி எங்கள் காமர்ஸ். கணக்கில் ஒன்றும் இல்லை என்றால் ஏன் காலியாக விடாமல் நில் என்று எழுதச் சொல்கிறார்கள்? ஒன்று, காலி இடத்தில் பின்னால் யாராவது எதையாவது எழுதிவிடலாம். இன்னொன்று அதைவிட முக்கியம். காலி இடம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். நில் என்றால் ஒருவர் பார்த்தார், தேடினார், எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போடுகிறார். வியாபாரம் நடக்காத மாதத்துக்கும் ஜி.எஸ்.டி.யில் நில் ரிட்டர்ன் போட வேண்டும் என்பது அதனால்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் தருகிற வில்லங்கச் சான்றிலும் இதே கதை. தேடிய காலத்தில் அந்த நிலத்தின் மேல் எந்தப் பதிவும் இல்லை என்றால் நில் ஈ.சி. தருவார்கள். அதுவும் நீங்கள் கேட்ட வருஷங்களுக்கு மட்டும்தான். அதற்கு முந்தின வருஷங்களைப் பற்றி அந்தக் காகிதம் வாய் திறக்காது. நிலத்தை வாங்கி ஏமாந்தவர்களில் பாதிப்பேர் இந்த வித்தியாசம் தெரியாதவர்கள்தான் என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சொல்வார்.

அப்பாவின் இருமலுக்கு முதல் மூன்று வாரம் இருந்தது காலி இடம். தூசி, பனி, வெயில் என்று ஆளுக்கு ஒன்றை அதில் எழுதினோம். கடைசி ரிப்போர்ட்டில் இருந்த "நார்மல்" அப்படி இல்லை. சளி எடுத்து, படம் எடுத்து, 6 மாதம் மாத்திரை விழுங்கி, மறுபடி படம் எடுத்து, ஒருவர் தேடிப் பார்த்து எழுதிய நில். இரண்டுக்கும் நடுவில் ஒரு உயிரே இருக்கிறது.

அதனால் இதைப் படிக்கிறவர்களுக்கு, முக்கியமாக ஹாஸ்டலில் இருமிக்கொண்டே இன்டர்னலுக்குப் படிக்கிற என் வகுப்புத் தோழிகளுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காலியாக விடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். போய் ஒரு நில் வாங்கிக்கொண்டு வாருங்கள். நில் வராவிட்டாலும் பயமில்லை, ஆறு மாதத்தில் வந்துவிடும்.

பி.கு.: விதையின் இந்த வெள்ளை வடுவுக்கு எங்கள் வீட்டில் மூக்கு, பக்கத்துத் தெருவில் கண்ணு. உங்கள் ஊரில் என்ன பெயர் என்று பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்களேன். அகராதிக்காரர்கள் யாரும் வயலுக்கு வந்து கேட்கப் போவதில்லை. :)